பூட்ஸ் என்னிஸ்: நாக்அவுட்டுகளைத் தள்ளிவைத்துப் பார்த்தால்

கேள்வி இது: "குத்துச்சண்டையில் ஜரான் 'பூட்ஸ்' என்னிஸைப் பற்றி எங்கே பார்த்தாலும் 'அடுத்த பெரிய ஆள்' என்கிறார்கள். 35 வெற்றி, தோல்வியே இல்லை, அதில் 31 நாக்அவுட். வெல்ட்டர்வெயிட் (147 பவுண்டு எடைப்பிரிவு) பட்டங்களை ஜெயித்துவிட்டு மேல் எடைக்கும் போய்விட்டார். நிஜமாகவே அவ்வளவு பெரிய வீரரா, இல்லை வெறும் பில்டப்பா? எந்தச் சண்டையிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?"

ஆள் நிஜம்தான். ஆனால் அந்த 31 என்ற எண்ணைக் காட்டி யாராவது இதை உங்களுக்கு நிரூபிக்க வந்தால், பேச்சை மாற்றிவிடுங்கள். தொழில்முறை குத்துச்சண்டையில் ஒரு பையனின் முதல் இருபது சண்டைகள் பெரும்பாலும் வளர்ப்பு வேலை. எதிராளியைத் தேர்ந்தெடுப்பவர் அந்தப் பையனின் புரமோட்டரிடம் வேலை பார்க்கும் மேட்ச்மேக்கர். உயரமான ஆளோடு ஒன்று, இடக்கைக்காரரோடு ஒன்று, அடி தாங்குகிற பழைய ஆளோடு ஒன்று என்று பாடத்திட்டம் மாதிரி போகும். ஜெயிக்க வரும் எதிராளி அதில் அபூர்வம். அந்தக் காலத்து நாக்அவுட்டுகள் பையனுக்குக் கையில் பலம் இருக்கிறது என்று சொல்லும், அவ்வளவுதான்.

அண்மையில் நடந்ததையே பாருங்கள். பிரையன் நார்மன் ஜூனியர் 2025 ஜூனில் டோக்கியோவுக்குப் போய், ஜின் சசாகியை ஐந்தாவது ரவுண்டில் ஒரே இடது ஹுக்கில் (பக்கவாட்டில் வளைத்துப் போடும் குத்து) சாய்த்தார். அந்தத் துண்டு வீடியோவைப் பார்க்காத குத்துச்சண்டை ரசிகர் இருக்க மாட்டார். உடனே வெல்ட்டர்வெயிட்டின் எதிர்காலமே இவர்தான் என்று பேச்சு. ஐந்து மாதம் கழித்து ரியாத்தில் டெவின் ஹேனி அவரை இரண்டாவது ரவுண்டில் கீழே தள்ளி, பன்னிரண்டு ரவுண்டு புள்ளியில் ஜெயித்துப் பட்டத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஹேனி பலமான அடிக்குப் பேர் போனவரே இல்லை. நார்மனின் ஹுக் அன்றும் அதே ஹுக்தான். அதைப் போட இடம் கொடுக்காத ஒருவர் எதிரில் நின்றார், அதுதான் வித்தியாசம்.

அதனால் வளர்ந்து வரும் ஒருவரை எடைபோட நான் முதலில் தேடுவது அவர் திணறிய சண்டையை. நினைத்தபடி நடக்காத ரவுண்டுகளில் அவர் என்ன செய்தார் என்பதில்தான் பாதி விடை இருக்கும். என்னிஸுக்கு அப்படிப்பட்ட சண்டைகள் இரண்டு உண்டு. இரண்டிலும் எதிராளி ஒருவரேதான்: உக்ரைனைச் சேர்ந்த கரேன் சுகாஜியான்.

அதற்குப் போகுமுன் ஆளைப் பற்றிக் கொஞ்சம். 1997இல் பிலடெல்ஃபியாவில் பிறந்தவர். அப்பா டெரெக் என்னிஸ், எல்லோரும் கூப்பிடுவது 'போஸி' என்று. அவர்தான் பயிற்சியாளர். அண்ணன்கள் இருவரும் தொழில்முறையாகக் குத்துச்சண்டை போட்டவர்கள். நம் வடசென்னைப் பழக்கத்தில் சொன்னால் அப்பாவே வாத்தியார், வீடே பரம்பரை. ஜோ ஃப்ரேஸியரும் பெர்னார்ட் ஹாப்கின்ஸும் உருவான ஊர் அது. ஸ்பாரிங்கையே, அதாவது பயிற்சிச் சண்டையையே, நிஜச் சண்டை மாதிரி போடுவார்கள் என்று அந்த ஊர் ஜிம்களுக்குப் பெயர் உண்டு. 2015இல் அமெரிக்க தேசிய கோல்டன் குளோவ்ஸ் என்ற அமெச்சூர் போட்டியை ஜெயித்தார், 2016இல் தொழில்முறைக்கு வந்தார். 178 சென்டிமீட்டர் உயரம். கை வீச்சு அதைவிடப் பத்து சென்டிமீட்டர் அதிகம். 147 பவுண்டு, அதாவது 66.7 கிலோ எடைப்பிரிவில் இது பெரிய உடம்பு.

2021 ஏப்ரலில் செர்ஜி லிப்பினெட்ஸை ஆறாவது ரவுண்டில் சாய்த்தபோதுதான் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். லிப்பினெட்ஸ் 140 பவுண்டில் உலகப் பட்டம் வைத்திருந்தவர், அதுவரை யாராலும் நாக்அவுட் ஆகாதவர். அவரை என்னிஸ் நடத்திய விதம் கொஞ்சம் பயமாகவே இருந்தது. வலக்கை நிலையில் இரண்டு குத்து, கால் மாற்றி இடக்கை நிலையில் இரண்டு, இடையில் விலாவில் ஒன்று. அப்புறம் தாமஸ் டுலோர்ம் முதல் ரவுண்டில், கஸ்டியோ கிளேட்டன் இரண்டாவது ரவுண்டில். அந்தக் கட்டத்தில் எல்லோரையும் போல நானும் கொஞ்சம் மிதந்துகொண்டிருந்தேன்.

2023 ஜனவரியில் வாஷிங்டனில் முதல் சுகாஜியான் சண்டை. மூன்று நடுவர்களும் 120-108 (ரவுண்டை ஜெயித்தவருக்குப் பத்து, தோற்றவருக்கு ஒன்பது என்பது வழக்கமான கணக்கு). பன்னிரண்டு ரவுண்டையும் என்னிஸே ஜெயித்தார். காகிதத்தில் இதைவிடச் சுத்தமான வெற்றி கிடையாது. ஆனால் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது சலிப்பூட்டிய சண்டை. சுகாஜியான் ரிங்கைச் சுற்றிச் சுற்றி நடந்தார். என்னிஸ் பின்னாலேயே போய் ஒவ்வொரு அடியாகப் போட்டார். நகரும் ஆளை மடக்க வேண்டுமானால் அவர் போகிற பக்கம் முன்கூட்டியே போய் நிற்க வேண்டும். ரிங்கின் பாதியை அடைத்துவிட வேண்டும். வயிற்றில் அடித்து கால்களைக் கனக்கச் செய்ய வேண்டும். அன்று என்னிஸ் துரத்தினாரே ஒழிய அடைக்கவில்லை. தலையையே தேடினார். நீண்ட நாக்அவுட் வரிசை அன்று அறுந்தது.

அதே இரவு, அதே மேடையில் இன்னொரு வெல்ட்டர்வெயிட் சண்டை. ரோய்மான் வில்லா என்ற வெனிசுலாக்காரர் தோற்றுக்கொண்டிருந்த சண்டையில் கடைசி ரவுண்டில் ராஷிதி எல்லிஸை இரண்டு முறை கீழே தள்ளி ஜெயித்தார். ஆறு மாதத்தில் அந்த வில்லாவும் என்னிஸும் மோதினார்கள். வில்லா ஓடுகிறவர் இல்லை, முகத்தைக் கொடுத்து நடந்து வருகிறவர். என்னிஸுக்கு விருந்து. பத்தாவது ரவுண்டில் முடித்தார். அன்று இணையம் முழுக்க அவர் மறுபடி மேதை ஆகிவிட்டார். ஆறு மாதத்தில் ஒருவர் சாதாரணமாகி மறுபடி மேதையாவதில்லை. எதிரே வரும் ஆளின் பாணி மாறியது, அவ்வளவுதான்.

சரி, இரண்டாவது சுகாஜியான் சண்டை. 2024 நவம்பர், பிலடெல்ஃபியா. சொந்த ஊர், கையில் ஐபிஎஃப் என்ற அமைப்பின் உலகப் பட்டம். அந்த அமைப்பு நியமித்த கட்டாயச் சவாலாளர் என்பதால் சுகாஜியானோடு மறுபடி மோதித்தான் ஆக வேண்டும். இந்த முறை அவர் ஓடவில்லை, நின்று திருப்பி அடித்தார். ஐந்தாவது ரவுண்டில் என்னிஸ் அவரைக் கீழே தள்ளினார். ஆனால் முடிக்க முடியவில்லை. அதன்பின் சுகாஜியானின் வலது கை திரும்பத் திரும்ப என்னிஸின் முகத்தில் போய் இறங்கியது. நடுவர்கள் 119-107, 117-109, 116-110 என்று கொடுத்தார்கள். நான் கடைசி மதிப்பெண் அட்டையின் பக்கம். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு டிபன் தட்டோடு உட்கார்ந்து பார்த்தேன். அமெரிக்கச் சனிக்கிழமை ராத்திரி நமக்கு அந்த நேரம்தானே. எட்டாவது ரவுண்டில் ஏமாற்றத்தில் தட்டைத் தள்ளி வைத்தது ஞாபகம் இருக்கிறது.

ஏன் அந்த வலது கை இறங்கியது? இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், என்னிஸின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.

அவர் இரு நிலையிலும் சண்டை போடுவார். இடது காலை முன்வைத்தும் நிற்பார், வலது காலை முன்வைத்தும் நிற்பார். சும்மா நிலை மாற்றிக் காட்டுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. என்னிஸ் அடித்துக்கொண்டே மாறுவார். வலது கையை வீசும்போது வலது காலும் கூடவே முன்னால் போகும். அடி முடிகிற நொடியில் அவர் இடக்கைக்காரராக நிற்பார், அடுத்து வருவது இடது பக்கத்துப் பலமான குத்து. எதிராளியின் மூளை ஒரு கோணத்துக்குத் தயாராகி இருக்கும், அடி வேறொரு கோணத்திலிருந்து வரும். பலமும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். இந்தத் திறமையில் இந்தத் தலைமுறையில் அவருக்கு மேலே நான் வைப்பது வெல்ட்டர்வெயிட் சாம்பியனாக இருந்த டெரன்ஸ் கிராஃபோர்டை மட்டும்தான்.

ஆனால் கால் மாறுகிற அந்த நொடியில் இரண்டு பாதமும் ஒரே கோட்டில் வந்துவிடும். நெஞ்சு முழுக்க எதிராளியைப் பார்த்துத் திறந்திருக்கும். அப்போது நேராக ஒரு வலது கை வந்தால் விலக வழியில்லை. கிராஃபோர்ட் தூரத்தில் இருக்கும்போதே நிலை மாற்றிவிடுவார், அல்லது ஜாப்பின், அதாவது முன்னால் இருக்கும் கையால் போடும் நேர் குத்தின், மறைவில் மாற்றுவார். என்னிஸ் நெருக்கத்தில், எதிராளியின் கை எட்டும் தூரத்தில் மாற்றுகிறார். கைகளும் தாழ்வாக இருக்கும். தப்பிக்கத் தலையை நேர் பின்னால் இழுப்பார். இதுவரை அனிச்சை வேகமும் தாடையும் அவரைக் காப்பாற்றியிருக்கின்றன. காலேஜ் நாட்களில் இரண்டு வருஷம் கையுறை போட்ட எனக்கு எங்கள் வாத்தியார் முதல் வாரமே சொன்னது இதுதான்: பின்னால் இழுத்துத் தப்பிக்கிறவன் இரண்டாவது அடியில் மாட்டுவான்.

இப்படி விளையாடுகிறவர்களுக்கு வயது ஒரு பிரச்சினை. ராய் ஜோன்ஸ் ஜூனியர் கைகளைத் தொங்கவிட்டு உலகத்தையே ஆட்டிவைத்தவர். 2004இல் ஆன்டோனியோ டார்வர் இரண்டாவது ரவுண்டில் ஒரே இடது கையால் அவரைத் தூக்கிப் போட்டபோது அவருக்கு வயது 35. என்னிஸின் ஊர்க்காரர் ஹாப்கின்ஸோ 46 வயதில் லைட் ஹெவிவெயிட் பட்டம் ஜெயித்தார். அவர் நம்பியது தூரத்தையும் கால் வைப்பையும். என்னிஸ் முப்பதை நெருங்குகிறார். இன்னும் ஐந்து வருடம் உச்சத்தில் இருக்க வேண்டுமானால் ஜோன்ஸின் பக்கத்திலிருந்து ஹாப்கின்ஸின் பக்கம் கொஞ்சம் நகர்ந்துதான் ஆக வேண்டும்.

நகர முடியுமா? முடியும் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 2025 ஏப்ரல், அட்லான்டிக் சிட்டி. எதிரே லிதுவேனியாவின் எய்மான்டாஸ் ஸ்டானியோனிஸ், டபிள்யூபிஏ என்ற இன்னொரு அமைப்பின் சாம்பியன், தோல்வி காணாதவர், ஒலிம்பிக் அனுபவம் உள்ளவர். முன்னேறி முன்னேறி வந்து அழுத்துவது அவர் பாணி. நவம்பர் மாதத்து என்னிஸ் வந்திருந்தால் அவரோடு நெருக்கத்தில் நின்று அடி பரிமாறியிருப்பார். வந்தது வேறொருவர். ஜாப்பால் தூரத்தை அளந்தார். ஸ்டானியோனிஸ் உள்ளே வரும்போதெல்லாம் கீழிருந்து மேலே போடும் அப்பர்கட். விலாவில் அடித்து வேகத்தைக் கரைத்தார். அடித்துவிட்டு அங்கேயே நின்று தன் வேலையை ரசிக்கும் பழைய பழக்கம் குறைந்திருந்தது. ஆறாவது ரவுண்டில் ஸ்டானியோனிஸ் கீழே விழுந்து எழுந்தார். ரவுண்டு முடிந்ததும் அவர் கார்னரில் இருந்த பயிற்சிக் குழுவே போதும் என்று நிறுத்திவிட்டது. இரண்டு பட்டங்களும் ரிங் பத்திரிகையின் பெல்ட்டும் என்னிஸிடம் வந்தன.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு: ஸ்டானியோனிஸ் அதற்கு முன் கடைசியாகச் சண்டை போட்டு ஏறக்குறைய ஒரு வருடம் ஆகியிருந்தது. துருப்பிடித்த ஆள் என்று சொல்லலாம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் கவனித்தது என்னிஸின் கால்களையும் கைகளையும். ஐந்தே மாதத்தில் ஒருவர் தன் தவறைத் திருத்திக்கொண்டு மேடைக்கு வந்தார். வளரும் வீரரிடம் எனக்கு இதைவிடப் பெரிய நல்ல அறிகுறி எதுவும் தெரியாது.

இதையெல்லாம் மீறி ஒரு குறை இருக்கிறது, அது பெரும்பாலும் அவர் கையில் இல்லை. அவரது பட்டியலில் அவருக்குச் சமமான ஒரு பெயர் கிடையாது.

அவர் கதவைத் தட்டிக்கொண்டிருந்த வருடங்களில் வெல்ட்டர்வெயிட் பட்டங்களைக் கிராஃபோர்டும் எரோல் ஸ்பென்ஸும் பூட்டி வைத்திருந்தார்கள். இருவரும் 2023 ஜூலையில் மோதினார்கள், ஒன்பதாவது ரவுண்டில் கிராஃபோர்ட் முடித்தார். அதன்பின் இருவருமே அந்த எடையில் சண்டை போடவில்லை. என்னிஸுக்கு ஐபிஎஃப் பட்டம் கிடைத்தது ரிங்கில் இல்லை. கிராஃபோர்டிடமிருந்து பறித்து, இடைக்கால சாம்பியனாக இருந்த இவருக்குப் பதவி உயர்வாகக் கொடுத்தார்கள். அந்தச் சமயம் பார்த்து அவரது சண்டைகளை ஒளிபரப்பிய ஷோடைம் டிவி குத்துச்சண்டை ஒளிபரப்பையே மூடிவிட்டது. 2023 ஜூலையிலிருந்து 2024 ஜூலை வரை ஒரு வருடம் சும்மா இருந்தார். பிறகு மேட்ச்ரூம் என்ற புரமோட்டர் நிறுவனத்தோடு சேர்ந்து, சொந்த ஊரில் 14,000 பேருக்கு மேல் கூடிய அரங்கில் டேவிட் அவனேசியானை ஐந்து ரவுண்டில் அனுப்பினார். அவனேசியான் மாற்று ஆளாக வந்தவர். அதே ஆளை 2022 டிசம்பரில் கிராஃபோர்ட் ஆறாவது ரவுண்டில் சாய்த்திருந்தார். ஒப்பிட ஆசை வரும், ஆனால் கிராஃபோர்டிடம் அடி வாங்கியபின் வந்தவர் என்பதை மறக்கக் கூடாது.

2023 ஜனவரியிலிருந்து 2025 ஏப்ரல் வரை கணக்குப் போட்டால் ஐந்தே சண்டைகள். ஒரு வீரரின் 25 முதல் 27 வயது வரையான காலம் அது. பழைய காலத்தோடு ஒப்பிட்டால் வயிறு எரியும். சுகர் ரே லெனர்ட் 1977இல் தொழில்முறைக்கு வந்தார். 1979 நவம்பரில் வில்ஃப்ரெட் பெனிடெஸை வென்று வெல்ட்டர்வெயிட் சாம்பியன். 1980இல் ராபர்ட்டோ டுரானிடம் தோற்று, அதே வருடம் திருப்பி ஜெயித்தார். 1981 செப்டம்பரில், மூன்று அட்டையிலும் பின்தங்கி இருந்த நிலையில், பதினான்காவது ரவுண்டில் தாமஸ் ஹெர்ன்ஸை முடித்தார். அப்போது லெனர்டுக்கு 25 வயது, ஹெர்ன்ஸுக்கு 22. லெனர்ட் யார் என்பது நமக்குத் தெரிந்ததற்குக் காரணம் அந்தத் தோல்வியும் அந்தப் பதினான்காவது ரவுண்டும்தான். என்னிஸுக்கு அப்படி ஒரு இரவு இன்னும் வரவில்லை. ஆழத்தில் இழுத்துக்கொண்டு போகும் ஒருவர் எதிரில் நிற்கும்போது அவர் என்னவாக இருப்பார் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அவருடைய நிலையில் எந்தத் தோல்வியற்ற வீரருக்கும் இதுதான் கதி.

இனி 154 பவுண்டு. அதாவது 69.9 கிலோ. எடை ஏறியது எனக்குச் சரியாகவே படுகிறது. அந்த உயரத்துக்கு 147இல் இன்னும் வருடங்கள் இழுத்தால் தசையைக் கரைத்துத்தான் தராசில் நிற்க வேண்டும். 2025 அக்டோபரில் பிலடெல்ஃபியாவில் யூஸ்மா லீமாவை முதல் ரவுண்டிலேயே இரண்டு முறை கீழே தள்ளி முடித்தார். பலம் கூடவே ஏறி வந்திருக்கிறது என்பது தெரிந்தது, அதற்கு மேல் அந்தச் சண்டையிலிருந்து எதுவும் எடுக்க முடியாது.

அளவுகோல் வேண்டுமென்றால் வெர்ஜில் ஓர்ட்டிஸ் ஜூனியரைப் பாருங்கள். அவரும் 147இல் வளர்ந்து மேலே போனவர், அவரும் தோற்காதவர். ஆனால் அவர் ஆழத்துக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். 2024 ஆகஸ்டில் செர்ஹி போஹாச்சுக்கோடு மோதியபோது கீழே விழுந்து, எழுந்து, ஒரு நடுவர் சமநிலை கொடுத்த நெருக்கமான சண்டையை ஜெயித்தார். கிராஃபோர்டையே திணறவைத்த இஸ்ராயில் மத்ரிமோவை 2025 பிப்ரவரியில் தெளிவாக வென்றார். நவம்பரில் எரிக்சன் லூபினை இரண்டாவது ரவுண்டில் முடித்தார். சாட்சிக் கணக்கில் ஓர்ட்டிஸ் முன்னால் இருக்கிறார். திறமைக் கணக்கில் என்னிஸ் முன்னால் இருக்கிறார். அவர்கள் மோதினால் என் பணம் அறுபதுக்கு நாற்பது என்னிஸ் மேல். ஓர்ட்டிஸ் நேராக நடந்து வருகிறவர், நேராக வருகிறவர்கள் என்னிஸிடம் நிறைய விலை கொடுத்திருக்கிறார்கள். அந்த நாற்பது எதற்கு என்றால், ஓர்ட்டிஸ் விலாவில் போடும் இடது ஹுக்குக்கு. கால் மாறும் நொடியில் என்னிஸின் நெஞ்சு திறக்கும் என்றேனே, அங்கே வந்து விழக்கூடியது அது.

என் மதிப்பீடு கேட்டால்: 154இல் பட்டம் ஜெயிப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. கிராஃபோர்ட் அளவுக்கு வருவாரா என்றால், தற்காப்பு இப்படியே இருந்தால் மாட்டார். ஸ்டானியோனிஸ் இரவின் என்னிஸே தொடர்ந்து வந்தால் பக்கத்தில் போவார்.

எதிலிருந்து பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். நாக்அவுட் தொகுப்புகளைத் தொடவே வேண்டாம். முதலில் இரண்டாவது சுகாஜியான் சண்டையின் ஆறு முதல் பத்தாவது ரவுண்டு வரை பாருங்கள், குத்துகளை விட்டுவிட்டு என்னிஸின் பாதங்களை மட்டும். அடுத்த நாள் ஸ்டானியோனிஸ் சண்டையை முழுசாக. ஆறு ரவுண்டுதான், அரை மணிகூட ஆகாது. நேரம் மிச்சமிருந்தால் லிப்பினெட்ஸ்.